நான் இன்னா சொல்றேன்னா

“மனித மூளை இனிமேல் எதையும் ஒளித்துவைக்க முடியாது! அதன் ஒவ்வொரு மடிப்பும் அறிவியலின் முன்னால் கைகட்டி நின்று உண்மையைச் சொல்லியே தீரவேண்டும்!”

விழுப்புரத்தில் தன்னுடைய பேச்சு மீட்பு மையத்தின் திறப்பு விழாவில் டாக்டர் வெங்கடாசலம் இப்படி முழங்கிய அதே நேரத்தில், ரிப்பன் வெட்டுகிற கத்தரிக்கோலை யார் எங்கே ஒளித்துவைத்தார்கள் என்று தெரியாமல் எட்டுப் பேர் தேடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கேன்டீனிலிருந்து காய் நறுக்குகிற கத்தி வந்தது. ரிப்பன் அதற்கு மசியவில்லை. இழுத்த இழுப்பில் வாசலில் கட்டியிருந்த வாழைமரம் சாய்ந்து, டாக்டர் மூளையை அப்படியே விட்டுவிட்டு வாழைமரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதைச் சாந்திமதி நேரில் பார்க்கவில்லை. அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அருணா பிற்பாடு சொல்லித்தான் தெரியும். முன்பே தெரிந்திருந்தாலும் அந்தப் படியை ஏறித்தான் இருப்பாள். அவள் ஏறியபோது, புருஷன் ஜீவேந்திரன் வாயடைத்துப்போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது.

ஜீவேந்திரன் வாயடைத்துப்போவது என்றால் என்ன என்று ஒலக்கூர்ப் பக்கம் போய்த்தான் கேட்கவேண்டும். நாலு ஏக்கரில் மல்லாட்டையும் கேப்பையும் போடுகிற சமணக் குடும்பம். ஊருக்கெல்லாம் அவர் நயினார். பஸ்ஸில் ஏறினால் திண்டிவனம் வருவதற்குள் கண்டக்டர் பாதிப் பேருக்கு டிக்கெட் போட மறந்துவிடுவார். எந்தப் பேச்சையும் “நான் இன்னா சொல்றேன்னா” என்றுதான் தொடங்குவார். அந்த மூன்று வார்த்தை காதில் விழுந்ததும் விவரம் தெரிந்தவர்கள் கையிலிருக்கிற பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார நிழல் தேடுவார்கள். “கொஞ்சம் வாய மூடுங்களேன்” என்று சாந்திமதி முப்பத்தாறு வருஷமாகத் தினம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறாள். அந்த ஐந்து வாரத்தில் அவள் செய்த ஒரே கணக்கு, அது மொத்தம் எத்தனை தடவை இருக்கும் என்பதுதான். பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியதும் அழுதுவிட்டு நிறுத்திவிட்டாள்.

நடந்தது ஒரு திங்கட்கிழமை காலை. பக்கத்து நிலத்துக்காரர் சுப்பராயலு ஏதோ ஒரு கையெழுத்துக்காக ஒலக்கூர் ஆபீசுக்குப் புறப்பட்டார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை, அதிகாரிகளைப் பார்க்கப்போகிறோமே என்று மரியாதையாக இறக்கிவிட்டுக்கொண்டு, வரப்பில் நாலு எட்டு வைத்திருப்பார். பின்னாலிருந்து ஜீவேந்திரன் கூப்பிட்டார்.

“சுப்பராயலு! நான் இன்னா சொல்றேன்னா—”

அதற்குமேல் வரவில்லை. சுப்பராயலு திரும்பிப் பார்த்தபோது நயினாரின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வலது கை துவண்டு தொங்கியது. ஷேர் ஆட்டோவில் போட்டுத் திண்டிவனம், அங்கிருந்து ஆம்புலன்ஸில் விழுப்புரம். கட்டின வேட்டியோடு சுப்பராயலு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மருந்துக்கும் ஸ்கேனுக்கும் ஓடினார். கண்ட டாக்டருக்கெல்லாம் கும்பிடு போட்டார். நயினார் பிழைத்துக்கொண்டார். காலும் கையும் மெள்ள மெள்ளத் திரும்பி வந்தன. பேச்சு மட்டும் அந்த வரப்பிலேயே நின்றுவிட்டது.

வெளியே வராத அந்த மிச்ச வாக்கியம் ஊரில் ஆளுக்கொரு விதமாக வளர்ந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மகன் ஸ்ரேயான்ஸ், அப்பா நிலத்தைப் பற்றித்தான் ஏதோ முடிவு சொல்ல வந்திருக்கிறார் என்றான். ஜினாலயக் கமிட்டியில் இரண்டு பேர், அடுத்த தலைவர் யார் என்பதைத்தான் அறிவிக்க வந்தார் என்று அடித்துச் சொன்னார்கள். அந்த இரண்டு பேரும் தலைவராக ஆசைப்பட்டவர்கள். சுப்பராயலு மட்டும் எதுவும் சொல்லவில்லை. போன கோடையில் டிராக்டர் ஓட்டியபோது வரப்பு தானாகவே ஒரு சாண் நயினார் நிலத்துக்குள் நகர்ந்து உட்கார்ந்திருந்தது. நாலாவது வாரம் அது தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பிப் போனது. மோட்டார் கொட்டகையிலிருந்து சாந்திமதி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தானாகவே போன வரப்பின் கையில் மண்வெட்டி இருந்தது.

பேச்சு மீட்பு மையத்துக்கு முதன்முதலாகப் போனபோதும் சுப்பராயலுதான் கூட வந்தார். ஜீவேந்திரனின் கையைப் பிடித்துக்கொண்டு சாந்திமதி முன்னால் நடக்க, ஸ்கேன் பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் வந்தார்.

“அந்த வேட்டியவே கட்டிக்கினு வந்துக்கிறீங்களேண்ணா, வேற இல்லியா?” என்று சாந்திமதி பஸ்ஸில் கேட்டாள்.

“இதாம்மா ராசி. அன்னிக்கி இத்தக் கட்டிக்கினுதான் நயினார இட்டாந்தேன், பொழச்சாரு. இனிமே விழுப்புரம்னா இதான்.”

மையத்தின் வரவேற்பறையில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை: ‘வாக்குமானி: உங்கள் பேச்சு மீளுமா? மூன்றே நிமிடத்தில் துல்லியமான கணிப்பு.’ சுப்பராயலு எழுத்துக்கூட்டி முழுதும் படித்தார். பிறகு சாந்திமதியின் காதருகே குனிந்தார்.

“தங்கச்சி, வாக்குன்னா ஓட்டுதானே? ஓட்டு மெசினுக்கு ஆஸ்பத்திரில இன்னா வேல?”

வாக்குமானி என்பது ஸ்டாண்டில் நிறுத்திய ஒரு டேப்லெட். பெயர் வைத்தது டாக்டர். அது இருபது கேள்வி கேட்கும். படம் காட்டி இது என்ன என்று கேட்கும். பதிலை மைக்கில் வாங்கி, ஸ்கேனோடு சேர்த்துப் பார்த்து, ஒரு வருஷத்தில் பேச்சு எவ்வளவு திரும்பும் என்று சதவீதத்தில் சொல்லும். முப்பதும் அதற்கு மேலும் வந்தவர்களுக்கு மூன்று மாதப் பயிற்சி இலவசம். மொத்தம் பன்னிரண்டு இடம். அதில் பதினொன்று நிரம்பியிருந்தது. முப்பதுக்குக் கீழே வந்தவர்களுக்குப் பயிற்சி கிடையாது, படப்பலகை உண்டு. பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. நாலு கட்டத்தில் சோறு, தண்ணீர், கக்கூஸ், வலி. ஒரு மனுஷன் மிச்ச ஆயுசில் சொல்லவேண்டியது இவ்வளவுதான் என்று அதைச் செய்தவர்கள் தீர்மானித்திருந்தார்கள்.

அருணா ஜீவேந்திரனை டேப்லெட்டுக்கு முன்னால் உட்காரவைத்தாள். விக்கிரவாண்டிப் பெண், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சாந்திமதி பின்னால் சுவரோரம் நின்றாள்.

முதல் படம் வந்தது. ஓட்டோடு ஒரு கைப்பிடி கடலை.

“இது என்ன?” என்றது டேப்லெட், செய்தி வாசிக்கிற குரலில்.

ஜீவேந்திரன் அதைப் பார்த்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு கூடியது, பிரிந்தது, மறுபடி கூடியது.

“ம... மல்... மல்லாட்டை.”

ஐந்து வாரத்தில் முதல் வார்த்தை! சாந்திமதி வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் நின்ற சுப்பராயலு, “அய்ய! நயினாரு பேசிட்டாரு!” என்று ஸ்கேன் பையைக் கீழே போட்டார்.

டேப்லெட் ஒரு தவளை மாதிரிக் கத்தியது. சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது.

அடுத்த படம் கேழ்வரகு. “கே... கேப்பை” என்றார். தவளை கத்தியது. மூன்றாவது படம் முட்டை. அதை வீட்டு வாசலில்கூட வைக்காத குடும்பம். ஜீவேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு “வாணாம்” என்றார். தவளை. மீனுக்கும் “வாணாம்”. தவளை. “நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்?” என்றது டேப்லெட். பொழுது சாய்ந்தபிறகு பல்லில் பருக்கை படாமல் அறுபத்தொரு வயது வரைக்கும் வந்தவர், நேர்மையாக “இல்ல” என்றார். தவளை. “உங்கள் மனைவியின் பெயர் என்ன?”

ஜீவேந்திரன் திரும்பிச் சாந்திமதியைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளை எப்படிக் கூப்பிட்டாரோ அதையே சொன்னார்.

“இந்தா.”

தவளைக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்போல இருந்தது. சாந்திமதியோ பூரித்துப்போயிருந்தாள். அவள் கணக்கில் எல்லாமே சரி. பரீட்சையில் பிள்ளை நூற்றுக்கு நூறு வாங்கினதைப் பார்த்த தாய் மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

டாக்டர் வெங்கடாசலம் அறைக்குக் கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் மூளை சுழன்றுகொண்டிருந்தது. நோயாளியைப் பார்க்காமல், மானிட்டரைப் பார்த்துப் பேசினார்.

“அம்மா, அறிவியல் கருணை காட்டாது. ஆனால் பொய் சொல்லாது. ஸ்கேனில் பாதிப்பு சின்னதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆரம்பத்தில் பேச்சு எந்த நிலையில் இருக்கிறதோ, அதுதான் எதிர்காலத்தின் கண்ணாடி. உங்கள் கணவர் இருபதில் பதினேழு கேள்விக்குப் பொருளற்ற ஒலி அல்லது தொடர்பற்ற பதில் தந்திருக்கிறார். பேச்சு மீளும் வாய்ப்பு பதினோரு சதவீதம்.”

“பொருளத்த ஒலின்னா இன்னாங்க?”

“அர்த்தமில்லாத சத்தம். உதாரணத்துக்கு...” டாக்டர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மானிட்டரில் படித்தார். “மல்... லாட்... டை.”

கேட்டது சரியாகக் காதில் விழவில்லையோ என்று சாந்திமதிக்குச் சந்தேகம்.

“ஏற்றுக்கொள்ளுதல்தான் சிகிச்சையின் முதல் படி” என்று முடித்து, டாக்டர் படப்பலகையை ஒரு விருது மாதிரி இரண்டு கையாலும் ஜீவேந்திரனிடம் நீட்டினார். ஜீவேந்திரன் வாங்கினார். நாலு கட்டத்தையும் பார்த்தார். பிறகு அதைத் திருப்பிப் பிடித்து விசிறிக்கொண்டார்.

வராந்தாவுக்கு வந்து சாந்திமதி மகனுக்குப் போன் போட்டாள். அவன் பெருமூச்சு விட்டான்.

“அம்மா, எமோஷனலா யோசிக்காத. டேட்டா பொய் சொல்லாதும்மா. பதினொண்ணுன்னா பதினொண்ணுதான். நிலத்தக் குத்தகைக்கு விட்டுட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க. பதினாலாவது மாடில பால்கனி இருக்கு. அப்பா உக்காந்துக்கினு வேடிக்கை பாக்கலாம்.”

பதினாலாவது மாடி பால்கனியில் நாலு கட்ட அட்டையோடு உட்கார்ந்திருக்கிற ஜீவேந்திரனைச் சாந்திமதி ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். கீழே போகிற ஒருத்தனையும் கூப்பிட்டு நிறுத்த முடியாமல். போனை வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தட்டாமல் கதவைத் திறந்தாள்.

“சார், எனக்கும் ஒருவாட்டி அந்த டெஸ்ட்டப் போடுங்க.”

டாக்டர் சிரித்தார். “உங்களுக்கு எதற்கம்மா? நீங்கள் நன்றாகத்தானே பேசுகிறீர்கள்?”

“அத மெசின் சொல்லட்டுமே. அதான் பொய் சொல்லாதே.”

இந்த மாதிரி உறவினர்களை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று டாக்டர் ஒரு கருத்தரங்கில் கேட்டிருந்தார்: கொஞ்சம் விட்டுப்பிடிக்க வேண்டும். “அருணா, அம்மாவுக்குப் போடு. ஆரோக்கியமான மூளைக்கு எவ்வளவு வரும் என்று அவர்களும் பார்க்கட்டும்” என்று தானே எழுந்து வந்து பக்கத்தில் கைகட்டி நின்றார்.

சாந்திமதி உட்கார்ந்தாள். கடலைப் படம்.

“மல்லாட்டை.” தவளை.

“கேப்பை.” தவளை.

முட்டை. “அதெல்லாம் எங்க வூட்ல கெடியாதுங்க.” தவளை, இந்தத் தடவை நீளமாக.

“நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்?”

“ராத்திரில நாங்க இன்னாத்த சாப்புடறது? ஆறு மணிக்கே முடிஞ்சிச்சி.” தவளை.

“உங்கள் கணவரின் பெயர் என்ன?”

சாந்திமதி முதன்முறையாகத் தயங்கினாள். அந்தப் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் அவளுக்கு என்றுமே கிடையாது. ரேஷன் கடையில்கூட அட்டையைத்தான் காட்டுவாள்.

“ஸ்ரேயான்ஸ் அப்பா” என்றாள்.

தவளை கத்தி முடித்ததும் டேப்லெட் சற்று நேரம் சக்கரம் சுற்றியது. பிறகு அந்தச் செய்திவாசிப்புக் குரல், வருத்தமே இல்லாமல் அறிவித்தது: “பேச்சு மீளும் வாய்ப்பு ஒன்பது சதவீதம். படப்பலகை பரிந்துரைக்கப்படுகிறது.”

வாசலில் சுப்பராயலு, “நயினாரு பரவால்ல, தங்கச்சிக்குத்தான் ரொம்ப முத்திப்போச்சு” என்றார்.

சாந்திமதி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு டாக்டரை நேராகப் பார்த்தாள்.

“அப்போ நான் இப்போ பேசிக்கினு இருக்கறது இன்னாங்க சார்? பொருளத்த ஒலியா? இந்த மெசின எந்த ஊர்ல செஞ்சாங்க? திண்டிவனம் மார்க்கெட் கமிட்டில வந்து நின்னு வேர்க்கடலைன்னு சொல்லச் சொல்லுங்க, இன்னா கேக்கறன்னு திருப்பிக் கேப்பாங்க. அஞ்சு வாரமா ஊமையாக் கெடந்த மனுசன் உயிரக் குடுத்து ஒரு வார்த்த சொல்றாரு. அத்த சிவப்புல அடிச்சா? எங்கூரு பேச்சு மூச்சூடும் பொருளத்த ஒலியா?”

“அம்மா, இது அப்படி இல்லை. சோதனை முறையில் ஒரு சின்ன... மொழித் தரம் என்று ஒன்று இருக்கிறது.” டாக்டர் கையைப் பிசைந்தார். “சரி, மல்லாட்டையை விடுங்கள். அந்தக் கேப்பை—”

நிறுத்தினார். ஆனால் நிறுத்துவதற்குள் இரண்டும் வெளியே வந்துவிட்டன. அதுவும் நல்ல தெளிவாக, பக்கத்து மண்டகப்பட்டில் பிறந்து அங்கேயே பத்தாவது வரைக்கும் படித்த ஒருவர் சொல்கிற மாதிரியே. டேப்லெட்டின் மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. அது தன் கடமையைத் தவறாமல் இரண்டு தடவை கத்தியது.

அருணா சிரிப்பை விழுங்கப் பார்த்து, விக்கலாக வெளியே விட்டாள். “இதுக்கு நம்மூரு பேச்சு தெரியலன்னு போன வாரமே சொன்னேங்க சார். நீங்கதான் மெசின் சொன்னா சரியாத்தான் இருக்கும்னீங்க.”

அன்று மத்தியானம் அருணா பழைய முறையில், தாளிலும் பென்சிலிலும் ஜீவேந்திரனுக்கு மறுபடி சோதனை வைத்தாள். கேள்விகள் அதேதான். ஆனால் பென்சிலைப் பிடித்திருந்தவளுக்குக் காது இருந்தது. மல்லாட்டை சரி. கேப்பை சரி. ‘வாணாம்’ சரி, என்ன என்று தெரிந்ததால்தானே வேண்டாம் என்கிறார். ‘இந்தா’வுக்கு மட்டும் சாந்திமதியைப் பார்த்துச் சிரித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டாள். ஸ்கேனில் தெரிந்த பாதிப்போடு சேர்த்துக் கையால் கணக்குப் போட்டபோது எழுபத்து நாலு வந்தது. பன்னிரண்டாவது இடம் ஜீவேந்திரனுக்கு.

“எழுவத்தி நாலுன்னா கட்டாயம் பேசிடுவாராம்மா?” என்று சாந்திமதி கேட்டாள்.

“கட்டாயம்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க அக்கா. எழுவத்தி நாலுன்னா இறங்கி வேல செய்யலாம்னு அர்த்தம், அவ்ளோதான். மிச்சத்த நாமதான் செய்யணும்.”

செய்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள் ஒலக்கூரிலிருந்து திண்டிவனம், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம். முன்னால் சாந்திமதியும் ஜீவேந்திரனும். பின்னால் பையும் ராசியான வேட்டியுமாகச் சுப்பராயலு. மையத்தின் வாசல் வந்ததும் மடித்துக் கட்டியதை மறக்காமல் இறக்கிவிடுவார். டாக்டர் நடமாடுகிற இடமாயிற்றே.

இரண்டாவது வாரம் பஸ் நிறுத்தங்கள் வந்தன. கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். கண்டக்டருக்கு ஒரு வேலை குறைந்தது. நாலாவது வாரம், அருணா விடாப்பிடியாக மனைவியின் பெயரைக் கேட்டாள். ஜீவேந்திரன் நெற்றியில் வியர்வை அரும்பியது. “சாந்தி... மதி” என்றார். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவை. சாந்திமதி மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ரொம்ப நேரம். அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி “இந்தா” என்றார்.

ஆறாவது வாரம் வந்தது அது. முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்து, பிசிறில்லாமல் சொன்னார்: “நான் இன்னா சொல்றேன்னா...”

சாந்திமதி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். வேலி ஓரமாக நின்ற சுப்பராயலுவின் முகம் வெளுத்தது. ஆனால் தண்ணீர் பிடிக்காத மோட்டார் மாதிரி அது அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். மற்ற பேச்செல்லாம் இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தையாக வந்தது: தண்ணி குடு, மாடு கத்துது, சட்னில உப்பு இல்ல. அந்த ஒரு வாக்கியம் மட்டும் மூன்றாவது வார்த்தையோடு வரப்பில் நின்றது. ஒவ்வொரு தடவையும் சுப்பராயலு கும்பிடுகிற மாதிரிக் கையைச் சேர்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் தாங்கமாட்டாமல், “நயினாரே, அது எப்பவோ பழைய எடத்துக்கே போயிடுச்சுங்க” என்று சொல்லிவிட்டார். ஜீவேந்திரனுக்கு ஒன்றும் புரியவில்லை. சாந்திமதி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பயிற்சி முடிகிற மாதத்தில் டாக்டர் வெங்கடாசலம் திண்டிவனத்தில் ஒரு கிளை திறந்தார். ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. வாசலில் ஜீவேந்திரனின் முகம் பத்தடிக்குப் பத்தடி பேனரில் சிரித்தது. ‘எழுபத்து நான்கு என்றோம்! பேசிவிட்டார்!’ என்று கீழே எழுதியிருந்தது. பதினொன்று என்று முதலில் யார் சொன்னார்கள் என்பதற்குப் பேனரில் இடம் போதவில்லை. வாக்குமானியில் வட்டாரச் சொற்கள் சேர்க்கப்பட்டுவிட்டன என்றும், அவை டாக்டரின் பல்லாண்டு ஆய்வில் திரட்டப்பட்டவை என்றும் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். இந்தத் தடவை கத்தரிக்கோல் தட்டோடு சேர்த்து நூலால் கட்டப்பட்டிருந்தது.

டாக்டர் நாற்பது நிமிஷம் பேசினார். மூளை மறுபடி கைகட்டி நின்றது. மூன்றாவது வரிசையில், சென்னையிலிருந்து வந்திருந்த ஸ்ரேயான்ஸ் போனை நீட்டிப் பதிவு செய்துகொண்டிருந்தான். “டேட்டா சரியா இருந்தா ரிசல்ட்டும் சரியாத்தாம்மா இருக்கும்” என்று காலையில் அவன் சொன்னபோது சாந்திமதி அவன் தட்டில் இன்னொரு இட்லி வைத்தாள்.

“இதோ, அறிவியலின் சாட்சி! நம் ஜீவேந்திரன் அய்யா உங்களிடம் சில வார்த்தைகள் பேசுவார்!”

ஜீவேந்திரன் நாற்காலியிலிருந்து எழுந்து மைக்குக்கு வந்தார். மைக் அவர் தலைக்கு மேலே, டாக்டரின் உயரத்துக்கு நின்றது. முன்வரிசையிலிருந்த சுப்பராயலு பாய்ந்து மேடையேறினார். பெரிய மனுஷர்கள் உட்கார்ந்திருக்கிற மேடை என்பதால் ஏறும்போதே வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். நயினாரைப் பார்த்தபடி, சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து, மைக் ஸ்டாண்டைத் திருகி இறக்கினார். இறக்கிவிட்டுத் திரும்பி ஒரு எட்டு வைத்தார்.

ஜீவேந்திரன் அவர் முதுகைப் பார்த்தார். சாந்திமதி தன் புருஷனின் கண்ணைப் பார்த்தாள். நாலு மாதம் கழித்து அந்தக் கண்ணில் பழைய வெளிச்சம் வந்ததை அவளால் அடையாளம் சொல்ல முடிந்தது. ஒருத்தரைக் கூப்பிட்டு நிறுத்தப்போகிற வெளிச்சம்.

“நான் இன்னா சொல்றேன்னா...”

சுப்பராயலு போட்டோவில் பிடித்த மாதிரி நின்றார். ஜினாலயக் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். சாந்திமதி மடியில் விரல்களை இறுக்கிக்கொண்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. போ, போ, இன்னும் ஒரு எட்டு வை என்று அவள் உதடு சத்தமில்லாமல் அசைந்தது.

“சுப்பராயலு... உன் வேட்டி... பின்னால கிழிஞ்சிருக்குது பாரு.”

மோட்டாரில் தண்ணீர் பிடித்துவிட்டது! அருணா விரல்விட்டு எண்ணினாள். ஒன்பது வார்த்தை, ஒரே வாக்கியம், தலையும் வாலும் சரியாக. “ஒம்போது!” என்று கத்திக்கொண்டே நாற்காலிமேல் ஏறிவிட்டாள். கைதட்டலில் மண்டபத்து ஷாமியானா குலுங்கியது. ஸ்ரேயான்ஸ் பதிவு செய்வதை மறந்துவிட்டுக் கண்ணைத் துடைத்தான். சாந்திமதி சிரித்தாளா அழுதாளா என்று பக்கத்திலிருந்தவர்களுக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

“இதுக்கா நயினாரே?” என்றார் சுப்பராயலு, மேடையிலேயே. “இத்தயா அன்னிக்கி சொல்ல வந்தீங்க? நான் பாட்டுக்கு வரப்ப—”

“வரப்புக்கு இன்னா?” என்றார் ஜீவேந்திரன், மைக்கில்.

“ஒண்ணும் இல்லீங்க.”

“நான் இன்னா சொல்றேன்னா, அந்த வரப்பு...” என்று ஜீவேந்திரன் தொடங்கினார். வரப்பிலிருந்து வாய்க்காலுக்குப் போனார். வாய்க்காலிலிருந்து கரண்டு ஆபீசுக்குப் போனார். நடுநடுவே வார்த்தை தடுக்கியது. தடுக்கின இடத்தில் கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு மேலே போனார். ரிப்பன் வெட்டுகிற நல்ல நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சாந்திமதியைப் பார்த்து, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன் என்று சைகை காட்டினார். சாந்திமதி அதைப் பார்க்காத மாதிரி பிளாஸ்டிக் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கைப்பையைக் கீழே வைத்தாள்.

அந்தத் திங்கட்கிழமை கிழிந்திருந்ததும், விழுப்புரம் மையத்துக்கு முப்பத்தேழு தடவை வந்ததும், இப்போது மேடையில் நின்றதும் ஒரே வேட்டிதான்.